இரண்டாவது நாற்காலிக்கும் சம்பளம்

கொண்டையக்கா என்று நான் எழுதுவது அவளுடைய பெயர் அல்ல. காது கேளாதவர்கள் ஒருவரைக் குறிப்பிடும்போது பெயரை எழுத்தெழுத்தாக விரலில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்ததும் கண்ணில் படுகிற ஒன்றைப் பிடித்து அதையே சைகைப் பெயராக வைத்துவிடுவார்கள். ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான், சாகிறவரை போகாது. அக்காவுக்குப் பின்னந்தலையில் முஷ்டியை வைத்து ஒரு திருகு. கொண்டை. நடுவில் முடி கொட்டிப்போய்க் கழுத்துவரை கத்தரித்துக்கொண்ட பிறகும் அவள் கொண்டைதான். "இல்லாத கொண்டைக்குக் கிடைக்கிற மரியாதையைப் பாத்தியா?" என்பாள். எனக்கு மோவாயில் ஒரு விரல். மச்சம்.

போன மாதம் அவளை வழியனுப்பிய அன்று, வாசலில் கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் சத்தமே இல்லாமல் முஷ்டியைப் பின்னந்தலையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்கள். விஷயம் தெரியாத ஆள் பார்த்திருந்தால், என்னடா இது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை அரிக்கிறதா என்று நினைத்திருப்பார். அக்கா இருந்திருந்தால் அதைச் சொல்லி முதலில் சிரிப்பவள் அவளாகத்தான் இருந்திருப்பாள்.

அவளைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. எனக்கு என்னவோ, தன் ஒரு நாள் உழைப்புக்கு என்ன விலை என்று அவள் கண்டுபிடித்த அந்த வாரத்தைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. அப்போது அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அவளுக்கு அது தெரியாது.

நாங்கள் இருவரும் சைகைமொழி பெயர்ப்பாளர்கள். எந்த அலுவலகத்திலும் நிரந்தரம் கிடையாது. கூப்பிட்ட இடத்துக்குப் போவோம், நாளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வோம். அந்த வருடம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எங்களுக்கு நீண்ட வேலை கிடைத்திருந்தது. காது கேளாத ஆறு பேர் அங்கே குளிர்சாதனப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் பேசுவதை நாங்கள் கையால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கையால் கேட்பதை வாயால் வாத்தியாருக்குச் சொல்ல வேண்டும். வாத்தியாருக்கு நாங்கள் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தோம். எந்த வாக்கியத்திலும் நிற்காமல் ஓடுவார்.

இந்த வேலையை எங்கேயும் இரண்டு பேராகத்தான் செய்வது. இருபது நிமிடம் ஒருத்தி நிற்பாள், மற்றவள் எதிரே நாற்காலியில் இருப்பாள். பிறகு மாறிக்கொள்வோம். கை வலிக்கும் என்பதற்காக அல்ல. கை வலித்தால் நமக்கே தெரிந்துவிடும். தலை களைத்தால் தெரியாது. கை பாட்டுக்கு அழகாக ஓடிக்கொண்டே இருக்கும். அர்த்தம் எங்கேயோ பின்னால் நின்றுபோயிருக்கும். உட்கார்ந்திருப்பவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிற்பவள் ஒரு சொல்லைத் தவறவிட்டால், கையை முழங்காலுக்கு மேலே தூக்காமல் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுப்பாள். பார்க்கத் தெரியாதவர்களுக்கு அது புடவையில் தூசி தட்டுவது போல இருக்கும்.

புதிதாக வந்த கணக்கு அதிகாரிக்கும் அப்படித்தான் இருந்தது. நெட்டையான மனிதர். எதைச் சொன்னாலும் "தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பிப்பார். "தப்பா நினைக்காதீங்க, இந்த ஜன்னலைச் சாத்தலாமா?" என்பார். நிலையத்துக்கு வெளியிலிருந்து நாள் கணக்கில் வேலைக்கு வருகிற எல்லோருடைய ஊதியமும் நியாயமானதுதானா என்று பார்த்து எழுத வேண்டிய பொறுப்பு அவருக்கு. பெயின்டர், ஜெனரேட்டர்காரர் எல்லோரையும் முடித்துவிட்டு எங்களிடம் வந்தார். ஒரு காலை முழுக்க வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். ரெண்டு பேருக்கும் முழு நாள் சம்பளம் போகுது. நான் பாத்த வரைக்கும் எப்பவும் ஒருத்தர் சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு நாக்கு கூர்மை. ஒருமுறை எக்ஸ்பிரஸ் வாத்தியாரிடமே, "சார், நடுவுல ஒரு ஸ்டேஷன்லயாவது நில்லுங்க, இறங்கறவங்க இருக்காங்க" என்றவள். இந்த ஆளுக்கு என்ன கிடைக்கப்போகிறதோ என்று காத்திருந்தேன். அவள் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆளுக்கு அரை நாள்னு போட்டா கணக்கு சரியா வரும். இல்ல, ஒருத்தரே போதும்னாலும் சரி. அடுத்த வாரம் எழுதிடுவேன். அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க" என்றுவிட்டு அவர் போனார். கோபமே இல்லாத குரல். கோபக்காரரோடு சண்டை போடலாம்.

அரை ஊதியத்தில் எனக்குக் கட்டுப்படியாகாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பேர்; வாடகை வேறு. தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை ஒன்று எனக்குத் தயாராக இருந்தது, போய்விடுவேன். நான் போனால் அக்கா தனியாள். தேர்வுக்கு மூன்று மாதமே இருந்த அந்த ஆறு பேருக்கு நாள் முழுக்க ஒரே ஒருத்தி. இதெல்லாம் அக்காவுக்கும் தெரியும்.

பேருந்து நிறுத்தத்தில் நான் பொரிந்து தள்ளினேன். அவள் காலணியின் வாரைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்:

"அவர் கேட்டதுல என்ன தப்பு?"

"என்னக்கா சொல்றே?"

"பாதி நேரம் உக்காந்துதானே இருக்கோம். முழுசா வாங்கறது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு. ரொம்ப நாளாவே."

அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் இவள். நடுவில் நான் யாருக்காக வாதாடுவது?

அக்காவின் அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. அப்பா நாற்காலி, கட்டில் செய்யும் கடையில் தச்சர், அம்மா தையல்காரி. பேச்சு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வாய் அக்காதான். வீட்டு உரிமையாளர், வங்கி, மருத்துவமனை, தம்பியின் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அவளை முன்னால் நிறுத்தி அவர்கள் பின்னால் நிற்பார்கள். வளர்ந்து பட்டம் வாங்கி, சான்றிதழ் வாங்கி, அதையே தொழிலாக்கிக்கொண்ட பிறகும், தொகையைச் சொல்லும் இடம் வந்தால் அவள் குரல் கைமாற்று கேட்பவளைப் போல இறங்கிவிடும். அம்மாவிடம் நாள் ஊதியம் என்று சொன்னதே இல்லை. ஏதோ அலுவலகத்தில் மாதச் சம்பளம் என்றுதான் அம்மாவுக்குத் தெரியும்.

"எங்கம்மா பேசற பேச்சை, எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கே வித்து, நாளுக்கு இவ்வளவுன்னு வாங்கறேன்னு தெரிஞ்சா அவங்க என்ன நினைப்பாங்க? சின்ன வயசுல அவங்களுக்கு இதையேதானே சும்மா செஞ்சேன்?"

பேருந்து வந்தது. ஏறிக்கொண்டோம். அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. என் வீட்டில் எல்லோருக்கும் காது நன்றாகவே கேட்கும், சொன்னதைத்தான் கேட்க மாட்டார்கள்.

மறுநாள் அக்கா அதிகாரியிடம் போய், "ஒரு நாள் நான் தனியா செஞ்சு பாக்கறேன் சார். முடிஞ்சா நீங்க சொன்ன மாதிரியே வெச்சுக்கலாம்" என்றுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். என்னைக் கடைசி வரிசையில் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க, நீங்க எதுவும் எடுத்துக் குடுக்கக் கூடாது." நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

காலை முழுக்க அவள் பிரமாதமாகச் செய்தாள். எக்ஸ்பிரஸ் வாத்தியார் கம்ப்ரஸரைப் பிரித்துக்கொண்டே பேசினார், குனிந்துகொண்டு பேசினார், திருகாணியை வாயில் கவ்விக்கொண்டும் பேசினார். ஒன்று விடாமல் அவள் கையில் வந்தது. அதிகாரி என் பக்கம் குனிந்து, "நல்லாத்தானே போகுது?" என்றார். நல்லாத்தான் போனது. எனக்கு அழுகை வரும் போல இருந்தது. அவள் ஜெயித்தால் நான் வெளியே.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வாத்தியார் வாயு அழுத்தத்தை அளக்கும் பாடத்தை எடுத்தார். நேரம் போகப் போக அக்காவின் கை இன்னும் வேகமானது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சியில் இருந்த ஒரே பெண், புருவத்தைத் தூக்கித் தூக்கிக் கேள்வி கேட்பதால் புருவம் என்று பெயர் வாங்கியவள், எழுந்து கேட்டாள்: அழுத்தத்தை இயந்திரம் ஓடும்போது பார்க்க வேண்டுமா, நிறுத்திவிட்டா?

அக்கா புருவத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். வாத்தியார் பக்கம் திரும்பினாள். அந்தக் கேள்வியை அழகாக, நிறுத்தி நிதானமாக, வாத்தியாருக்குச் சைகையில் சொன்னாள்.

வாத்தியார் விழித்தார். அளவுமானியையும் புருவத்தையும் பார்த்துக் கேள்வியை ஊகித்துக்கொண்டு, "ஓடறப்பவே பாக்கணும், நிறுத்திட்டா சரியா காட்டாது" என்றார்.

அக்கா அந்த ஆறு பேர் பக்கம் திரும்பினாள். இரண்டு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டாள். கணீரென்ற குரலில், "ஓடறப்பவே பாக்கணும், நிறுத்திட்டா சரியா காட்டாது, புரிஞ்சுதா?" என்றாள்.

புருவம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, மற்றக் கையால் சொன்னாள்: "கொஞ்சம் சத்தமா சொல்லுங்கக்கா. பின்னாடி கேக்கல."

ஆறு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒருவன் நாற்காலியிலிருந்து நழுவியே விட்டான். அக்காவுக்கு இன்னும் புரியவில்லை. என்ன இவர்கள், பாடம் நடக்கும்போது என்று முறைத்தாள். தன் கை கட்டியிருப்பது அப்புறம்தான் அவள் கண்ணில் பட்டது. நெற்றியில் அறைந்துகொண்டு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முகம் அப்படியே வாடிவிட்டது.

நான் அதிகாரிக்கு விளக்கினேன். கேட்கிறவருக்குச் சைகை, கேட்காதவருக்குப் பேச்சு. மாற்றிப் போட்டுவிட்டாள் என்றேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தப்பா நினைக்காதீங்க, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது இப்பத்தானா, இல்ல முன்னாடியேவா? படிக்கறவங்களைக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். புருவத்தின் பதிலை அவருக்கு அப்படியே சொன்னேன்: "சாப்பிட்டு வந்த கொஞ்ச நேரத்துலயே அக்கா போயிட்டாங்க. கை மட்டும் இங்க இருந்துச்சு. பாவம்னு நாங்களும் தலைய ஆட்டிக்கிட்டிருந்தோம்."

அதிகாரி எழுந்தார். "சரி. ஒருத்தர் போதாது" என்றார். அவர் முடிக்கவில்லை. "ரெண்டு முழு நாளா, ரெண்டு அரை நாளாங்கறது இன்னும் பாக்கி இருக்கு." அக்காவிடம் போய் நின்றார். "மேடம், நாளைக்குக் காலைல நீங்களே சொல்லுங்க, எவ்வளவு நியாயம்னு. நீங்க சொல்றதை வெச்சுத்தான் எழுதப்போறேன்."

இதைவிட மோசமான ஆளிடம் அவர் கேட்டிருக்க முடியாது. இவர் அரை என்றால், இவள் கால் போதும் என்பாள்.

அன்று மாலை நான் என் வீட்டுக்குப் போகாமல் அவளோடு போனேன். அவர்கள் வீட்டு அழைப்பு மணிக்குச் சத்தம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் கூடத்தில் விளக்கு மினுக்கும். அக்காவிடம் சாவி இருந்தும் எப்போதும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் திறப்பாள். அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் பேச முடியாது.

"யார் செத்தா?" என்று கேட்டார்.

அக்கா ஒன்றுமில்லை என்றாள். நான் அப்படி விடுவதாக இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கால் வலித்தால் என்ன, என் கை சும்மாதானே இருந்தது? அதிகாரி, இரண்டு நாற்காலி, அரை நாள், கடைசியில் தொகையையும் சொன்னேன்.

அம்மாவின் புருவங்கள் மேலே போயின. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மேசையைத் தட்டி அவளை நிமிரவைத்தார்.

"மாசத்துக்கா?"

"ஒரு நாளைக்கு" என்றாள் அக்கா. அவள் கை வயிற்றோடு ஒட்டியிருந்தது. சைகையிலும் குரல் இறங்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

"இவளுக்கும் அதேவா?"

"அதே."

"எனக்குச் செஞ்சதுக்கு நீ காசு வாங்கினதே இல்ல."

"இல்லம்மா." அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "அதனாலதான்..."

"ஏன் வாங்கணும்? நீ செஞ்ச லட்சணத்துக்கு!" அம்மாவின் கைகள் பெரிதாகிவிட்டன. என் பக்கம் திரும்பினார். "மச்சம், கேளு. இவளுக்கு ஏழு வயசு. டாக்டர்கிட்ட போறோம். ராத்திரியெல்லாம் எனக்கு வயித்து வலின்னு சொல்லச் சொன்னேன். இவ என்ன சொன்னா தெரியுமா? அம்மா ஐஸ்கிரீம் சாப்பிடலாமான்னு கேட்டிருக்கா. டாக்டர் யோசிச்சுட்டுத் தலைய ஆட்டினாரு. வலி போயிடும்னு சொல்றாருன்னு நான் கும்பிட்டேன். வெளிய வந்ததும், டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னாருன்னு என்னைக் கடைக்கு இழுத்துட்டுப் போனா."

"அம்மா!"

"பேங்க் மானேஜர் மூச்சு விடாம பேசினாரு. இவ ஒரே சைகை: 'முடியாதாம்.' அவ்வளவுதான். வீட்டு ஓனர் என்னைத் திட்டினப்ப எல்லாம், 'நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாரு'ன்னா. நானும் அவரைப் பாத்துச் சிரிச்சு வெப்பேன். அவருக்கு இன்னும் கோபம் வரும்."

நான் சிரித்துச் சிரித்து விக்கினேன். அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"அதெல்லாம் ஓசி வேலை. ஓசிக்கு ஏத்த மாதிரிதான் இருந்துச்சு. இப்பவும் பொய் சொல்றியா?"

"இல்ல."

"உனக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் மாத்தாம சொல்றியா?"

"சொல்றேன்."

"அப்ப அது வேற வேலை. காசு வாங்கு."

அக்கா வெகுநாளாக உள்ளே கிடந்ததைக் கேட்டேவிட்டாள். "உன் பேச்சை வித்துட்டேன்னு தோணலையா?"

அம்மா தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். புடவையை உதறிப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார். "எதுவும் குறையலயே" என்றார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டார். இனிமேல் பேச்சு இல்லை என்று அர்த்தம். கத்தியை எடுத்தவர் மறுபடி கீழே வைத்து ஒன்றைச் சேர்த்தார்: "தையல் கடையில நூல் வர்ற வரைக்கும் நாங்களும் உக்காந்துதான் இருப்போம். உக்காந்த நேரத்துக்குக் காசு கிடையாதுன்னான். அந்த நேரத்துல வீட்டுக்குப் போய்ச் சமைச்சுட்டு வரட்டுமான்னு கேட்டேன். எழுதித்தான் கேட்டேன். எனக்கு அப்ப வாய் இல்லையே, அது ஸ்கூல்ல இருந்துச்சு."

மறுநாள் காலை அதிகாரியின் அறைக்கு இருவரும் போனோம். அம்மா சொன்னதைக் கேட்டுச் சிரித்தது வேறு, அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து தொகையைச் சொல்வது வேறு. அவர் நாற்காலிகளைக் காட்டினார். அக்கா உட்கார்ந்தாள்.

"முழு நாள் சார். ரெண்டு பேருக்கும். இப்ப வாங்கறதுதான், அதுல குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

குரல் இறங்கவில்லை. நான் அவளைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா நினைக்காதீங்க மேடம், எதை வெச்சுச் சொல்றீங்க?"

"உங்களுக்குக் குடுத்த நாளை நான் வேற யாருக்கும் குடுக்க முடியாது சார். உக்காந்திருந்தாலும் அந்த நாள் இங்கதான் இருக்கு. இந்த மாதிரி நீளமான வேலை இல்லாதப்ப மாசத்துல பாதி நாள்தான் எங்களுக்கு வேலை. காய்ச்சல் வந்தா அதுவும் இல்ல. நேத்து நான் தனியா செஞ்சதை நீங்களே பாத்தீங்க. அந்த வேலைக்கு அரைச் சம்பளம்கூட ஜாஸ்தி. ரெண்டு பேரா செய்யறது வேற வேலை. அதுக்கு இதுதான் விலை."

அவர் பேனாவை எடுத்தார், மூடினார், திறந்தார். எங்களுடைய தொகை எக்ஸ்பிரஸ் வாத்தியாரின் நாள் ஊதியத்தில் முக்கால் பங்குதான் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தார்.

"ஜெனரேட்டர்காரரும் ரிப்பேர் முடிச்சுட்டு ஒழுங்கா ஓடுதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "அந்த நேரத்தை நான் கழிச்சதில்ல." பிறகு எழுதினார். தலைகீழாக இருந்தாலும் அந்த ஒரு சொல்லை என்னால் படிக்க முடிந்தது. நியாயமானது. "இந்த வருஷம் முழுக்க இப்படியே இருக்கட்டும் மேடம்."

அக்கா நன்றி சொல்லி, கதவை மெதுவாகச் சாத்தி, நாகரிகமாகத் தாழ்வாரம் வரை நடந்தாள். படிக்கட்டு வந்ததும் இரண்டாவது படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "அடியே, நீயும் உக்காரு" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து, வருகிற போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகும்படி, காரணமே இல்லாமல் சிரித்தோம். எனக்கு நடுவில் அழுகையும் வந்தது. "சிரிக்கறியா அழறியா, ஏதாவது ஒண்ணு செய். மொழிபெயர்க்க முடியல" என்றாள்.

வகுப்பில் ஆறு பேரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். முந்தின நாள் நடந்தது எதற்காக என்று அவர்களுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் புருவத்தின் புருவங்கள் இரண்டும் தூக்கிக்கொண்டன.

"முழுசு" என்றாள் அக்கா. "ரெண்டு பேருக்கும்."

மேசைகள் அதிர்ந்தன. புருவம் விடவில்லை. "முழுசுன்னா எவ்வளவு?"

அக்கா ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு கையை நெஞ்சுக்கு நேராக, எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தித் தொகையைச் சொன்னாள். காது கேளாதவர்களிடம் அதை அவளே சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

புருவம் உதட்டைப் பிதுக்கினாள். விரலை மடக்கி மனக்கணக்குப் போட்டாள்.

"அவ்வளவுதானா? நாங்க பாஸ் பண்ணி வேலைக்குப் போனா இதைவிட ஜாஸ்தி கேப்போம்."

"கேளுங்க" என்றாள் அக்கா. "கேக்கறப்ப கைய இறக்காதீங்க."

எக்ஸ்பிரஸ் வாத்தியார் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். அன்றைய முதல் முறை அவளுடையது. அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். நான் எதிரே உட்கார்ந்தேன், வேலை ஆரம்பித்தது.